பன்னிரண்டாம் நம்பர்

பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது.
மூன்று நாளாய் வால்பரைசோவின் ஒவ்வொரு இறக்கத்திலும்
பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிறது முன்சக்கரம்.
மருந்துப் பெட்டியோடு நான் வருவதை
மணியடிக்காமலே தெரிந்துகொள்கிறார்கள்
குன்றின் மேல் நோயாளிகள்.
"வண்டிக்கும் ஏதாவது கொடேன்" என்கிறாள்
இன்சுலின் வாங்கும் எதெல்மீரா.

புதுப் பேட் வாங்கியாயிற்று.
மாட்டத்தான் முடியவில்லை.
காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் தலையிலும்
அறுகோணம் இல்லை, நட்சத்திரம்.
அதிலும் ஐந்து முனை.
அதிலும் நடுவில் ஒரு முள்,
வருகிற சாவிக்கெல்லாம்
நாக்கை நீட்டிக்கொண்டு.

எவரிஸ்டோ போட்டது.
துறைமுகத்தில் ஒருமுறை யாரோ
காலிப்பரைக் கழற்றிக்கொண்டு போனபின்
திருடனுக்காகப் போட்டது.
பால்கனிக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாளும்
என் போனுக்கு அவன் வைத்த ரகசிய எண்ணும்
அதே வாரம்தான்.

பிரிந்தபோது வண்டி எனக்கு என்று எழுதினார்கள்.
கருவிப்பெட்டி அவனுக்கு.
நீதிபதி அம்மாவுக்கு எப்படித் தெரியும்,
பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு
என் வண்டியின் பாதி கிடக்கிறது என்று.

மூன்று கடை ஏறி இறங்கினேன்.
ஆறு முனை இருக்கிறது.
நடுவில் ஓட்டை வைத்த ஆறு முனையும் இருக்கிறது.
"ஐந்தா? மீன் சந்தையில் கேளுங்கள்,
நட்சத்திர மீனுக்கு ஐந்துதான்"
என்று சிரித்தான் ஒருவன்.

எவரிஸ்டோவுக்குச் செய்தி அனுப்பினேன்.
"ஞாயிறு கொண்டுவருகிறேன்.
நிறையப் பேச வேண்டும்."

ஒரு போல்ட்டைத் திருப்ப
எவ்வளவு பேச வேண்டும்?

வெள்ளி இரவு நிபால்டோவின் கதவைத் தட்டினேன்.
கப்பல் பழுதுத் தளத்தில் வெல்டர்.
டார்ச்சை அடித்து
பல் டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்தான்.
"முதலில் பேட்டரியைக் கழற்று."

முதல் போல்ட் உளிக்கு மசிந்தது.
தலையின் ஓரத்தில் ஒரு வெட்டு,
வெட்டில் உளியைச் சாய்த்து
இடப்பக்கமாகச் சுத்தியல்.
ஏழாவது அடியில்
விரல் சொடுக்கு எடுத்த சத்தம்.
புரியெல்லாம் வெள்ளையாய்
உப்புக் காற்று பூத்திருந்தது.

இரண்டாவது அசையவில்லை.
வழுக்கிய உளி என் பெருவிரலைப் பதம் பார்த்தது.
நிபால்டோ ஒரு சாதாரண நட்டை அதன் தலையில் வைத்து,
உள்ளே ரப்பர் வேகாதிருக்க ஈரத்துணி சுற்றி,
எர்த் கவ்வியை ஒட்டினாற்போல் மாட்டி,
நட்டின் நடுவில் தீயை ஊற்றினான்.
"கண்ணை மூடு."
இமைக்குள்ளும் நீலம்.

செம்மை அடங்கும்வரை காத்திருந்து
ஸ்பேனரை என்னிடம் கொடுத்தான்.
திரும்பியது.
கோட்டைக் கதவு திறந்தாற்போல் ஒன்றுமில்லை.
ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி,
அவ்வளவுதான்.

மீதி எனக்குத் தெரிந்த வேலை.
பிஸ்டனைத் துடைத்து உள்ளே தள்ளினேன்,
மேலே ஆயில் வழிகிறதா என்று ஒரு கண் வைத்து.
புதுப் போல்ட் எட்டு மில்லி,
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் போதும்.
இந்த ஊரில் சமையலறை இழுப்பறையிலும் கிடைக்கும்.
டார்க் ரெஞ்ச் டிக் என்றது, நிறுத்தினேன்.
அதற்கு மேல் இறுக்குவது
பலமல்ல, பயம்.

பிரேக்கை அழுத்தினேன். காற்று.
மறுபடி. காற்று.
ஐந்தாவது அழுத்தலில்
மறுமுனையில் யாரோ
என் கையைப் பிடித்தார்கள்.

ஞாயிறு வந்தான், சொன்னபடி,
சாவியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு.
பேச ஆரம்பிக்குமுன்
சக்கரத்தருகே குந்தினான்.
வெகுநேரம் பார்த்தான்.

"இதை யார் வேண்டுமானாலும் கழற்றலாமே."

"ஆமாம்," என்றேன்.
"நானும்."